பிலியானா பெயரில் அறுபத்தெட்டு

வியன்னா, 4 செப்டம்பர் 2011

என் பிலிக் கண்ணுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். ஹங்கேரி எல்லையில் பஸ்ஸை நாலு மணி நேரம் நிறுத்திவிட்டார்கள். நீ கட்டிக் கொடுத்த ஐவார் மிளகாய்த் தொக்கு பாட்டில் ஒன்று கசிந்து என் வெள்ளைச் சட்டை பாழ். இருந்தாலும் திட்டவில்லை, மீதி மூன்றும் அமிர்தம்.

உன் காப்பீட்டு மருத்துவப் புத்தகத்தைக் கொடுத்தாயே, அதற்கு எப்படி நன்றி சொல்வது? எட்டு வருஷமாக இந்த ஊர்க்காரர்கள் வீட்டுத் தரையைத் துடைக்கிறேன். கணக்கில் வராத வேலை, அதனால் இங்கே எனக்கென்று ஒரு டாக்டர் கிடையாது. நம் ஊரிலும் காப்பீடு போய்விட்டது. நீயும் இல்லையென்றால் நான் யாரைக் கேட்பேன்?

ஆனால் அன்றைக்குச் சோதனைக்கு ரத்தம் கொடுக்கும் இடத்தில் நடந்ததை உன்னிடம் சொல்ல மறந்துவிட்டேன். "பிலியானா! பிலியானா!" என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நான் பாட்டுக்கு ஜன்னலை வேடிக்கை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கடைசியில் என் மகனுக்கு ஞானத்தாயான நம் குமா மிலுங்காவே ஊசியும் கையுமாக வந்து தோளில் ஒரு தட்டு தட்டி, "உன்னைத்தாண்டி கூப்பிடறோம், முப்பத்தொன்பது வயசுக் குமரி!" என்றாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பக்கத்தில் இருந்த பெரியவர் என் முகத்தையும் சுருக்கத்தையும் பார்த்துவிட்டு, பாவம் கஷ்டப்பட்ட பெண் போலிருக்கிறது என்று நினைத்திருப்பார்.

உடம்பு அப்படியேதான். திடீரென்று கழுத்திலிருந்து நெருப்பு ஏறுகிறது, நனைந்துபோகிறேன். வீட்டுக்காரக் கிழவி, "ஜன்னலைத் திறந்துவெச்சு காத்துல நின்னா அப்படித்தான்" என்கிறாள். ரத்த முடிவு வந்ததும் வெள்ளிக்கிழமை பஸ் ஓட்டுநரிடம் கொடுத்துவிடு. போனில் எண்ணெல்லாம் சொன்னால் எனக்கு ஒன்றும் ஏறாது.

முத்தங்களுடன்,
உன் தெசாங்கா அக்கா


நெகோதின், 18 செப்டம்பர் 2011

அன்புள்ள அக்காவுக்கு,

முடிவு வந்துவிட்டது. தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். மேலே என் பெயரைப் பார்த்து எனக்கே ஒரு நிமிஷம் பகீரென்றது.

எனக்கும் ஒன்றும் புரியாமல் மருந்துக்கடை வேராவிடம் கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். எஃப்.எஸ்.எச். என்று இருக்கிறதே, அது மூளை சினைப்பைக்கு அனுப்பும் உத்தரவு. "எழுந்திரு, இந்த மாதத்து முட்டையைத் தயார் பண்ணு" என்கிற கூப்பாடு. சினைப்பை எழுந்துகொண்டால் கூப்பாடு அடங்கும், எண் சின்னதாக இருக்கும். எழுந்திருக்காவிட்டால் மூளை இன்னும் கத்தும், எண் ஏறும். உனக்கு அறுபத்தெட்டு. அதற்குக் கீழே ஈஸ்ட்ரடியால் என்று இருப்பது சினைப்பை திருப்பித் தரும் பதில். அது அடிமட்டத்தில் இருக்கிறது.

பக்கத்தில் நாலு வரி அச்சடித்திருக்கிறார்களே, மாதத்தின் முதல் பாதி, நடு, பின் பாதி, மாதவிடாய் நின்றவர்கள் என்று. உன் எண் கடைசி வரியில் போய் உட்காருகிறது. "ஆனா ஒரே ஒரு தாளை வெச்சு முடிவு கட்டாதீங்க. நிக்கப்போற சமயத்துல அது இன்னைக்கு ஏறும், அடுத்த மாசம் இறங்கும். உங்க அக்காவுக்கு நாப்பத்தொன்பது, தீட்டு தள்ளிப்போகுது, வேர்த்துக் கொட்டுது, அதுவே பாதி சொல்லுது. கொஞ்ச மாசம் கழிச்சு இன்னொரு தடவ பாக்கட்டும்" என்றாள். ஆகவே பயப்படாதே. கோபம் வந்தால் அந்தக் கிழவி மேல் மட்டும் காட்டாதே, வேலை போய்விடும்.

இப்போது என் செய்தி. பதினோரு வருஷம் காத்திருந்தோம் அல்லவா? அரசுச் செலவில் சோதனைக் குழாய்க் குழந்தை முறைக்கு எங்கள் விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டார்கள்! நவம்பரில் டாக்டர்கள் கமிஷன் முன்னால் போகிறோம். நாற்பது வயது நிறைவதற்குள் ஆரம்பித்துவிட வேண்டுமாம், எனக்கு ஏப்ரல் ஒன்பதாம் தேதி நாற்பது. நெனாத் ரயில்வே ஷெட்டில் எல்லோருக்கும் சொல்லிவிட்டு, பிறகு யாருக்கும் சொல்லாதே என்கிறார். கண்படும் என்று எனக்கும் பயம்தான். உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

உன் தங்கை,
பிலியானா


வியன்னா, 9 அக்டோபர் 2011

என் பிலி,

உன் கடிதத்தைப் படித்து முதலில் அழுதேன், பிறகு குதித்தேன்.

அழுதது எனக்காக. கடைசி வரி என்று எழுதியிருந்தாயே. நான் கடைசி வரிக்கு வந்துவிட்டேன் என்பது தெரிந்ததுதான், ஆனால் அச்சில் பார்க்கும்போது ஏன் இப்படி வலிக்கிறது? என் புருஷன் ராதே போய் எட்டு வருஷம். இனிப் பெற்று யாருக்குக் கொடுக்கப்போகிறேன்? இருந்தும் கழிவறையில் உட்கார்ந்து, துடைக்கிற துணியில் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன்.

குதித்தது உனக்காக. பிறக்கும் முன்னே எதுவும் வாங்கக் கூடாது என்று தெரியும், வாங்கவில்லை. கடைக்குள் போய் ஒரு மஞ்சள் கம்பளிச் சட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு மட்டும் வந்தேன். அதற்கே கடைக்காரி என்னைத் திருடியைப் போலப் பார்த்தாள். அம்மா இருந்திருந்தால் தேவாலயத்தில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றியிருப்பாள். நான் இங்கே ஏற்றினேன்.

கமிஷன் முடிந்ததும் உடனே எழுது. 

உன் அக்கா


நெகோதின், 27 நவம்பர் 2011

அக்கா,

எங்களை நிராகரித்துவிட்டார்கள்.

எப்படி என்று கேள். போன மாதம் நான் எனக்காக ரத்தம் கொடுத்தேன், மாதவிடாயின் மூன்றாம் நாள், அவர்கள் சொன்னபடி. எஃப்.எஸ்.எச். ஏழு. வேரா தாளைப் பார்த்துவிட்டு, "கல்யாணப் பொண்ணு நம்பர்!" என்று என்னைக் கட்டிக்கொண்டாள். அந்தச் சந்தோஷத்தோடுதான் போனோம். டாக்டர் அம்மாள் என் கோப்பைப் புரட்டினாள். ஒரு தாளில் நின்றாள். "இது என்ன, ஆகஸ்ட்ல அறுபத்தெட்டு?" என்றாள்.

அக்கா, உன் தாள். என் புத்தகத்தில் எடுத்தது என் கோப்பில்தானே போய்ச் சேரும்? உனக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. சுகாதார மையத்தில் நகல் வைப்பார்கள் என்பது மூன்று பேரில் மிலுங்கா ஒருத்திக்காவது தெரிந்திருக்க வேண்டாமா?

"டாக்டர், இப்ப ஏழுதானே இருக்கு?" என்று கேட்டேன். "இப்ப ஏழா இருக்கலாம்மா. ஒரு தடவ இவ்வளவு ஏறினா சினைப்பை தீர்ந்துபோச்சுன்னு அர்த்தம். நடுவுல இறங்கறது ஏமாத்து வேலை. மோசமான நம்பர் எதுவோ அதைத்தான் நாங்க பாப்போம். ஊசி போட்டாலும் முட்டை வராது" என்றாள். அப்போதே உடைத்துச் சொன்னேன், அது என் ரத்தம் இல்லை, அக்காவுடையது என்று. அவள் கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். "நிராகரிச்சதும் எல்லாரும் ஒரு அக்காவைக் கொண்டுவராங்க. அந்த அக்கா எழுதிக் கையெழுத்துப் போட்டு, நோட்டரி முத்திரையோட வரட்டும். பாக்கறேன்" என்றாள்.

ஒரே ஒரு தாள் எழுதினால் போதும். அந்தத் தேதியில் பிலியானாவின் புத்தகத்தில் ரத்தம் கொடுத்தது நான்தான் என்று. தூதரகத்தில் முத்திரை வைத்து வெள்ளிக்கிழமை பஸ்ஸில் கொடு. எனக்குத் தண்டம் போட்டால் போடட்டும்.

வீடு திரும்பினோம். வாசலில் நெனாத், "கூடப் பிறந்தவ, கையெழுத்துப் போடாமயா இருப்பா?" என்றார்.

பிலியானா


வியன்னா, 18 டிசம்பர் 2011

என் கண்ணு பிலி,

உன் கடிதம் வந்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. கோபப்படாமல் கடைசி வரை படி.

நான் எழுதினால், யார் ஊசி போட்டது என்று கேட்பார்கள். தெரிந்தே வேறொருத்தி பெயரில் ரத்தம் எடுத்தாள் என்று மிலுங்காவை வேலையிலிருந்து தூக்குவார்கள். அவள் என் கல்யாணத்தில் சாட்சியாக நின்றவள். என் மகனுக்கு ஞானஸ்நானத்தில் பெயர் வைத்தவள். ராதே செத்து நான் இங்கே வந்தபோது, ஆறு வருஷம் அவனைத் தன் வீட்டில் வைத்துச் சோறு போட்டவள். குமாவைக் காட்டிக் கொடுத்தவள் என்ற பெயரோடு நம் ஊரில் நான் எப்படித் தலை நிமிர்ந்து நடப்பேன்?

இன்னொரு தடவை ரத்தம் கொடுத்துப் பாரேன். இரண்டு முறை, மூன்று முறை ஏழு வந்தால் அவர்களே நம்ப மாட்டார்களா? கொஞ்சம் பொறு. காப்பித்தூளும் சலவைத்தூளும் அனுப்பியிருக்கிறேன். நெனாத்துக்குக் கம்பளிக் காலுறை.

உன் அக்கா


நெகோதின், 15 ஜனவரி 2012

அக்கா,

நீ எழுதுமுன்பே, டிசம்பர் தொடக்கத்தில் இன்னொரு தடவை கொடுத்திருந்தேன். ஆறரை. மறுபடி டிசம்பர் கடைசியில், எட்டு. டாக்டர் அம்மாள் மூன்றையும் வரிசையாக வைத்து, அறுபத்தெட்டின் மேல் விரலை வைத்தாள். "இது யாரோடதுன்னு தெரியற வரைக்கும் மத்ததெல்லாம் வெறும் தாள்" என்றாள்.

மிலுங்கா வீட்டுக்குப் போனேன். கிறிஸ்துமஸ் ரொட்டி வைத்தாள், காப்பி போட்டாள். நான் கேட்டதும், "யார் ரத்தம்? உன் பேர்தானே எழுதியிருக்கு? நான் வருஷத்துக்கு ஆயிரம் கை குத்தறேன், எனக்கென்ன ஞாபகம் இருக்கும்?" என்றாள். அக்கா, அன்றைக்குத் தோளைத் தட்டி உன்னைக் குமரி என்றவள் அவள்தானே? கதவு வரை வந்து, "உனக்குக் குடுத்துவைக்கல, விடு" என்றாள். அந்தக் காப்பி இன்னும் தொண்டையில் கசக்கிறது.

உனக்கு ஒரு மகன் இருக்கிறான். அவனுக்குச் சோறு போட்டதற்கு நன்றியாக, எனக்குப் பிறக்க வேண்டியதைக் கொடுக்கிறாயா? கோபத்தில் எழுதிவிட்டேன், அந்த வரியை அடித்துவிடவும் மாட்டேன். அப்படித்தான் நினைக்கிறேன்.

இனி எண்பத்தைந்து நாள் இருக்கிறது. கெஞ்சுகிறேன், அக்கா. உனக்கு முடிந்துபோனது என்று அந்தத் தாள் சொன்னபோது அழுதாயே, எனக்கு முடியாமலே முடிந்துபோச்சு என்று சொல்கிறார்கள். உன் எண்ணை என் தலையில் வைத்து.

பிலி


வியன்னா, 18 ஏப்ரல் 2012

என் உயிர்த் தங்கைக்கு,

மூன்று மாதம் எழுதவில்லை. நீ போன் பண்ணினாய், எடுக்கவில்லை. என்னைத் திட்டு, தகும். உன் பிறந்த நாளன்று போனைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

இப்போது இத்துடன் இருக்கும் தாளைப் பார். எழுதிவிட்டேன், தூதரக முத்திரையும் வைத்துவிட்டேன். "அந்த ரத்தம் என்னுடையது" என்று என் கைப்பட.

ஏன் இப்போது என்று கேட்பாய். மார்ச் முப்பத்தொன்றோடு மிலுங்கா ஓய்வு பெற்றுவிட்டாள். அவள் ஓய்வூதியத் தாள் கைக்கு வந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. இனி அவளை யாரும் ஒன்றும் செய்ய முடியாது. உங்கள் இரண்டு பேரில் யாரும் அழியாமல் இருக்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை, பிலி. ஒன்பது நாள்தானே தாண்டியிருக்கிறது? ஒன்பது நாளுக்கா ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்புவார்கள்? அழுது பேசிப் பார். டாக்டரும் ஒரு பெண்தானே.

ஜூலையில் வருகிறேன். நேரில் உன் காலில் விழுகிறேன். சூடு ஏறுவது நிற்கவே இல்லை. வேரா சொன்ன இரண்டாவது சோதனையை இன்னும் செய்யவில்லை. அதையும் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

என்றும் உன்
அக்கா


நெகோதின், 29 ஏப்ரல் 2012

தெசாங்காவுக்கு,

தாள் வந்தது. எடுத்துக்கொண்டு போனேன்.

டாக்டர் அம்மாள் இரண்டு முறை படித்தாள். பிறகு சிவப்பு மை எடுத்து, என் கோப்பில் அறுபத்தெட்டைக் குறுக்கே அடித்தாள். "நீ சொன்னது நிஜம்தான். நல்ல சினைப்பைம்மா உனக்கு. டிசம்பர்ல இந்தத் தாள் வந்திருந்தா நானே கையெழுத்துப் போட்டிருப்பேன்" என்றாள். அழுது பேசிப் பார்க்கச் சொன்னாயே, பேசினேன். "வயசு எங்க கையில இல்ல" என்றாள். எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அதைக் குடித்துவிட்டு பஸ் நிலையத்துக்கு நடந்தேன். நெனாத் உள்ளே வரவில்லை, வெளியே நின்றிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் என் பையை வாங்கிக்கொண்டார்.

மார்ச் முப்பத்தொன்றுக்குப் பிறகு எனக்கு ஒன்பது நாள் இருந்தது. அந்த ஒன்பது நாளில் ஒரு வெள்ளிக்கிழமை பஸ்ஸும் இருந்தது. அதற்கும் நீ தாள் கொடுக்கவில்லை. ஓய்வூதியத் தாள் அவள் கைக்கு வரட்டும் என்று இருந்தாய்.

பார்சல் இனி வேண்டாம். ஓட்டுநரிடம் சொல்லிவிட்டேன், உன் பெயரில் எதையும் எனக்காக வாங்கமாட்டார். காலுறைகளைத் திருப்பி வைத்திருக்கிறேன், நெனாத் போடவில்லை.

கூடவே என் மருத்துவப் புத்தகமும் இருக்கிறது. தொலைந்துபோயிற்று என்று எழுதிக் கொடுத்து வேறு வாங்கிக்கொண்டேன். உனக்காக நான் சொல்லும் கடைசிப் பொய் அது. ஜூலையில் உனக்கு ரத்தம் எடுக்க வேண்டுமே, வைத்துக்கொள்.

பிலியானா என்று கூப்பிடுவார்கள். இந்தத் தடவையாவது திரும்பிப் பார்.

பிலியானா