நனையாத கண்

27.2.1987
தண்ணீர்ப் போத்தல் இல்லாமல் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போக முடியவில்லை. நாலு மரம் சீவினால் ஒரு மடக்கு. எங்களை வேலை வாங்கும் மண்டோர் ராமசாமி, "என்னா வள்ளி, ஒட்டகமா நீ?" என்றார். ஒட்டகம் தண்ணி இல்லாம இருக்கும்யா, அதுகூட தெரியலையே! சிரித்ததில் உதடு வெடித்து ரத்தம். கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்தல். இனிப்புநீர் வியாதி, அதான் சர்க்கரை, இல்லை என்று தோட்டத்துக் கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். பின்னே என்னதான் இது?

15.3.1987
விடியற்காலை மாமியார் போய்விட்டார்.

17.3.1987
முந்தாநாள் பிணம் எடுக்குமுன் பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தார்கள். எனக்கும் நெஞ்சு வெடித்தது. கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. என் நாத்தனார், பஞ்சாலை, லயத்து வீடுகள் எல்லாம் கேட்கக் கத்தினாள்: "எங்கம்மா செத்துக் கிடக்கு, இவளுக்குக் கண்ணு நனையுதா பாரு! கல்லுலா இவ!" என் வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். ஐயோ, அந்தப் பார்வை... நான் என்ன வேணும்னா செஞ்சேன்? படுத்த கிழவிக்கு வெத்தலை இடிச்சுக் கொடுத்தது யாரு, இந்தப் பஞ்சாலையா?

29.3.1987
அவர் பேசுவதில்லை. சோறு வைத்தால் சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிறார்.

20.4.1987
கிளினிக்கில் எழுதிக் கொடுத்து சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். சீன டாக்டரம்மா மை ஒற்றும் தாள் மாதிரி ஒரு துண்டைக் கீழ் இமையில் மாட்டிவிட்டார். நனையவே இல்லை. தாளுக்கும் தெரிஞ்சுபோச்சு, எனக்கு அழ வராதுன்னு. அடுத்து உதட்டுக்கு உள்பக்கம் கீறி, எச்சில் ஊறும் சுரப்பியில் கொஞ்சம் எடுத்துப் பார்ப்பார்களாம். சதை எடுத்துப் பார்ப்பது புற்றுநோய்க்குத்தானே? பக்கத்து வீட்டுத் தாயம்மா அக்காவுக்கும் இப்படித்தான் — வேண்டாம், எழுத மாட்டேன்.

12.5.1987
கீறித் தையல் போட்டுவிட்டார்கள். அவர்தான் மோட்டார் சைக்கிளில் கூட்டிப் போனார். கத்தி பட்டதும் பால் வத்துன மரம் ஞாபகம் வந்தது. எத்தனை மரத்தை நானே வெட்டிப் பார்த்து மண்டோரிடம் காட்டியிருக்கிறேன்! அடையாளத்துக்குச் சாயம் பூசிவிட்டுப் போவார். அப்புறம் சாய்க்க வேண்டியதுதான்.

13.5.1987
பயமா இருக்கு.

2.6.1987
புற்றுநோய் இல்லை! முருகா!
டாக்டரம்மா மலாயில் சொன்னதை என் வீட்டுக்காரர்தான் எனக்குத் தமிழில் சொன்னார். உடம்பைக் காக்க வேண்டிய என் ரத்த அணுக்களே சுரப்பியைப் பகையாளி என்று நினைத்துச் சூழ்ந்துகொண்டனவாம். எடுத்த சதையில் அவை கும்பல் கும்பலாக நிற்பது தெரிந்ததாம். கண்ணீர்ச் சுரப்பிக்கும் அதே கதி. தீராது, சொட்டு மருந்து விட்டுச் சமாளிக்கலாம். "நீ அழுதாலும் கண்ணீர் வராதாம்" என்று சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. தண்ணி அவர் கண்ணில்தான். திரும்பும் வழியில் லுக்குட் டவுனில் மோட்டாரை நிறுத்தி ஐஸ் தண்ணி வாங்கி, "குடி வள்ளி" என்றார். எத்தனை நாளாச்சு அவர் வாயால் என் பேரைக் கேட்டு!

4.3.1988
மாமியாருக்கு வருஷத் திதி, பஞ்சாங்கப்படி பத்து நாள் முன்னாலேயே வந்துவிட்டது. பாரோய் ஊரிலிருந்து பஞ்சாலை வந்தாள். காரியம் முடிந்து போனவள், இன்றுதான் எட்டிப் பார்க்கிறாள். படையலுக்கு முன் அவர் என் கண்ணில் மருந்து விட்டார். அவர் கைக்கு அளவே கிடையாது, கன்னத்தில் வழிந்தது. அப்படியே போய் மாமியார் படத்தின் முன் நின்றேன். பஞ்சாலை ஓடி வந்து கட்டிக்கொண்டாள். "இப்பவாச்சும் அழுதியே அண்ணி!"
அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன்.
வழிஞ்சது மருந்துதான். ஆனா நான் அழுதுகிட்டுத்தான் இருந்தேன்.