பூ ஜாடியின் மேல் ஒரு விரல்

பிப்ரவரி 3, செவ்வாய்

பம்பு கம்பெனியின் இணையதளத்துக்கான படம் ஒருவழியாக முடிந்தது. நூற்றுப் பன்னிரண்டு உதிரி பாகங்கள். ஒவ்வொன்றையும் சுற்றி மவுசால் புள்ளி புள்ளியாக வைத்து வேலி போட்டேன். வேலிக்குள் எங்கே கிளிக் செய்தாலும் அந்தப் பாகத்தின் பக்கம் திறக்கும். பார்க்கிறவர் கண்ணுக்கு வேலி தெரியாது, வெறும் படம்தான் தெரியும். ஆறு வருடமாக இதே மென்பொருள், இதே வேலை. இன்னும் முதல் கிளிக்கில் பக்கம் திறக்கும்போது வாயைப் பிளந்துகொண்டுதான் பார்க்கிறேன். "வாய்க்குள்ள ஈ போயிடப் போகுது" என்றார் பக்கத்து மேஜைக்காரர். போனால் போகட்டும்.

வாஷருக்கு வேலி போடும்போது தோன்றியது. அக்காவுக்கு ஏன் இப்படி ஒன்று செய்யக்கூடாது? பக்கவாதம் வந்து மூன்று மாதம் ஆகிறது. வலது கை வரவில்லை, பேச்சு வரவில்லை. தெருவையே வாயால் கட்டி ஆண்டவள். இடது கை விரல் இருக்கிறதே.

பிப்ரவரி 5

அக்கா வீட்டுக் கூடத்தைப் படம் எடுத்தேன். மேலே இடது மூலையில் மின்விசிறி. அதற்குச் சற்றுக் கீழே, ஜன்னலோரம் நான். நடு மேஜையில் பூ ஜாடி, அதற்குப் பின்னால் சுவரில் கடிகாரமும் திரைச்சீலையும். வலது பக்கம் நாற்காலியில் அத்தான், அவர் பக்கத்தில் மருந்துப் பெட்டி, தண்ணீர் ஜக்கு. எல்லாவற்றுக்கும் வேலி போட்டு, தொட்டால் பேசுகிற மாதிரி என் குரலைச் சேர்த்தேன். எனக்கு அக்கா வைத்த பெயர் வாலு, அதையே பதிந்தேன். அத்தானை அவள் கூப்பிடுகிற மாதிரி "என்னங்க" என்று நான் பதிந்தபோது அக்காவுக்குப் பாதி வாய் சிரித்தது. மூன்று மாதத்தில் முதல் சிரிப்பு.

பிப்ரவரி 6

ஆபீசில் என் பெரிய திரையில் சோதித்தேன். ஜக்கைத் தொட்டேன். "தண்ணி" என்றது. ஒரு படத்துக்கு வாய் வந்துவிட்டது.

சாயங்காலம் டேப்லெட்டில் ஏற்றி அத்தானிடம் கொடுத்தேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

பேச்சுப் பயிற்சி தரும் அம்மா வந்திருந்தார். அவருடைய விதி: "எதிர்ல உட்கார்ந்து கேளுங்க. திரையை எட்டிப் பார்க்காதீங்க. உங்க கண்ணு போற இடத்துக்கு அவங்க விரலும் போயிடும்." நியாயம்தான். அக்காவுக்குப் புரிகிறதா என்று 24ஆம் தேதி வந்து அவரே சோதித்து எழுதித் தருவார்.

அந்தக் காகிதத்தை வைத்துத்தான் அத்தான் முடிவெடுக்கப் போகிறார். வாசலில் வைத்துச் சொன்னார்: "அவளுக்குப் புரியுதுன்னா பகல்ல ஒரு ஆளைப் போட்டுச் சமாளிச்சுடுவேன். அடுப்பு எது, கதவு எதுன்னே தெரியலைன்னா நான் பஸ் டிப்போவுக்கு வேலைக்குப் போன நேரம் என்ன ஆகும்? பராமரிப்பு இல்லத்துல சேர்க்கிறதைத் தவிர வேற வழி தெரியலம்மா." சொல்லிவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு எங்கேயும் போகாமல் நின்றார்.

பிப்ரவரி 10

அக்கா தொட்டதெல்லாம் எனக்குப் பட்டியலாக வரும்படி செய்திருக்கிறேன். இன்று அத்தான் கேட்டதும் (போனில் சொன்னார்) கிடைத்ததும்:

தண்ணி எங்கே — பூ ஜாடி.
மருந்து எங்கே — திரைச்சீலை.
நான் (அத்தான்) எங்கே — கடிகாரம்.
வாலு எங்கே — மின்விசிறி.

நான் மின்விசிறியா? சிரிக்கத்தான் பார்த்தேன். முடியவில்லை.

பிப்ரவரி 13

தண்ணி கேட்டால் வாலு. மருந்து கேட்டால் வாலு. கேட்காவிட்டாலும் வாலு. இன்று மட்டும் இருபத்தொரு தடவை.

"ஒண்ணையே பிடிச்சுத் தொங்கிட்டிருக்கா. உன் மேல பாசம், வேறென்ன" என்றார் அத்தான் போனில். குரல் உடைந்திருந்தது. எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? பெருமை. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதி வைக்கிறேன்.

பிப்ரவரி 15, ஞாயிறு

போனேன். விதிப்படி எதிரில் உட்கார்ந்து, "அக்கா, தண்ணி எங்கே?" என்றேன். "வாலு" என்றது டேப். மறுபடி கேட்டேன். மறுபடி வாலு. அக்கா என்னை முறைத்தாள், டேப்பைத் தள்ளிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அத்தான் உள்ளே போனார். மேஜைமேல் இல்லத்தின் விண்ணப்பப் படிவம் கிடந்தது.

பிப்ரவரி 17

பட்டியல்: வாலு, ஒன்பது தடவை. இப்போதெல்லாம் திறக்கவே பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 19, வியாழன்

காலையில் பம்பு மெக்கானிக் ஒருவர் கூப்பிட்டார். "மேடம், என் போன்ல போல்ட்டைத் தொட்டா வால்வு திறக்குது."

"விரல் கொஞ்சம் பெரிசா இருக்கும் சார்."

"என் விரல் அப்படியேதான் இருக்கு. உங்க படம்தான் சுருங்கிப் போகுது."

படம் சுருங்குகிறது. வேலி சுருங்கவில்லை. சின்னத் திரைக்கு ஏற்றபடி படம் பாதியாகிவிடும், நான் போட்ட வேலி மட்டும் பெரிய திரையின் அளவிலேயே நிற்கும். இந்த வேலைக்கு வந்த முதல் வாரம் கற்றுக்கொள்கிற பாடம். ஆறு வருடம் பெரிய திரைக்கே செய்து பழகி, அடியோடு மறந்திருக்கிறேன்.

போனைக் கீழே வைக்கக்கூட இல்லை, அக்கா ஞாபகம் வந்துவிட்டது. ஐயோ, நான் என்னத்தைச் செஞ்சு வெச்சிருக்கேன்?

அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஓடினேன். இந்தத் தடவை எதிரில் உட்காரவில்லை. கட்டிலில் ஏறி அவள் தோளோடு தோளாக உட்கார்ந்தேன். எதையும் கேட்கவும் இல்லை.

அக்கா என்னை ஒரு தடவை பார்த்தாள். விரலைக் கொண்டுபோய்ப் படத்தில் என் முகத்தின் மேல் வைத்தாள். "மின்விசிறி" என்றது. திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு விரலை நடு மேஜைக்கு நகர்த்திப் பூ ஜாடியின் மேல் வைத்தாள். "வாலு." அங்கிருந்து விரலை எடுக்காமல் மறுபடி என்னைப் பார்த்தாள்.

சின்னப் பிள்ளைக்குப் பாடம் நடத்துகிற மாதிரி எனக்கு நடத்திக் காட்டினாள்.

படம் சுருங்கியதில் என் வேலி பூ ஜாடியின் மேல் வந்து விழுந்திருந்தது. தண்ணியும் மருந்தும் எட்டாது, அவற்றின் வேலி படத்துக்கு வெளியே கிடந்தது. அவள் தொட்டுத் தொட்டுப் பார்த்திருக்கிறாள். மிச்சமிருந்த நாலைந்து சொற்களில் தனக்கு உதவக்கூடியது எது என்று யோசித்திருக்கிறாள். இதைச் செய்தவளைக் கூப்பிட்டால்தான் இது சரியாகும் என்று முடிவு செய்து, ஜாடியைத் தொட்டுத் தொட்டு என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். பேச்சில்லாமல், யாரும் சொல்லித் தராமல், ஒரே வாரத்தில். புரியவில்லை என்று நாங்கள் கூடிக் கூடிப் பேசியது இவளைப் பற்றித்தானா? புரியாதது எனக்குத்தான். அவள் மடியில் தலையை வைத்து அழுதேன். இடது கையால் தலையில் ஒரு குட்டு வைத்தாள். நல்ல குட்டு, வலித்தது.

பிப்ரவரி 20

வேலிகளும் படத்தோடு சேர்ந்து சுருங்கும்படி சரிசெய்தேன். முதலில் அக்காவுக்கு. பம்பு பிறகு.

அத்தானிடம் பத்தாம் தேதிப் பட்டியலைக் காட்டி விளக்கினேன். நாலு பதிலும் சரியான பதில், இடம் மாறிக் கிடந்த வேலிதான் வேறு பெயர் சொல்லியிருக்கிறது. "என்னைக் கேட்டப்போ என்னைத்தான் தொட்டாளா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். வெகுநேரம் அந்தக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி 24, செவ்வாய்

இருபது கேள்வி. பத்தொன்பது சரி. தவறிய ஒன்று செருப்பு. அதற்கு நான் வேலி போட மறந்திருந்தேன்.

அத்தான் அடுத்த படத்துக்கு வேண்டிய சொற்களை எழுதித் தந்தார்: போதும், வேண்டாம், உள்ளே வா, கோபம். வாங்கிய பிறகுதான் கவனித்தேன். இல்லத்தின் படிவத்தைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் எழுதியிருக்கிறார்.

மார்ச் 4

இன்றைய பட்டியல்: தண்ணி, என்னங்க, போதும், என்னங்க, ஜன்னல், வாலு.

பதறிப்போய்ப் போன் போட்டேன். ஒன்றும் ஆகவில்லையாம். சும்மா கூப்பிட்டாளாம்.