பையில்லாத சட்டை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அம்மா நலம்.

போனில் சின்ன ஆபரேஷன் என்று சொன்னேன் இல்லையா, அதில் ஆபரேஷன் மட்டும்தான் உண்மை. தலைக்குள் கட்டி. என் மண்டைக்குள் ஒன்றுமே இல்லை என்று முப்பது வருடமாக உன் அம்மா சாதித்தாள். எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒன்று இருக்கிறது என்று இப்போது டாக்டரே எழுதிக் கொடுத்துவிட்டார். இதைச் சொல்லி அவளைச் சிரிக்க வைக்கப் பார்த்தேன். எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் பாத்திரம் கழுவினாள். எல்லாம் ஏற்கெனவே கழுவின பாத்திரம்.

எப்படித் தெரிந்தது என்று கேட்பாய். லிஃப்ட் ரிப்பேருக்கு அதன் கீழே இருக்கும் குழியில் ஆள் இறங்கும் முன் மேலே மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டுப் போடுவோம். சாவி, இறங்குகிறவன் சட்டைப் பையில்தான் இருக்க வேண்டும். முப்பத்தொரு வருடமாக நான் பிறருக்கு திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்த ஒரே பாடம் இது. போன மாதம் என்னோடு வேலை செய்யும் ஒல்லி குழியில் இறங்க வேண்டும். பூட்ட நான் மாடிக்குப் போனேன். சுவிட்சுக்கு முன்னால் நின்றேன். எதற்கு வந்தோம் என்று மறந்துபோனது. பேசாமல் இறங்கி வந்து, பூட்டியாச்சுப்பா என்று சாவியை அவன் கையில் கொடுத்தேன். பூட்டு என் தோள்பையிலேயே கிடந்தது.

நாலாவது மாடியில் யாரோ பட்டனை அழுத்தினார்கள். லிஃப்ட் இறங்கியது. ஒல்லி தரையோடு தரையாகப் படுத்துத் தப்பித்தான். அவன் ஒல்லியாக இருப்பதை எத்தனை நாள் கிண்டல் செய்திருக்கிறேன்!

ஏறி வந்தவன் என்னை அடிப்பான் என்று நினைத்தேன். "யோவ் பெரிசு, பூட்டு எங்கய்யா?" என்றான். எடுத்துக் காட்டினேன். கொஞ்சநேரம் என் முகத்தையே பார்த்துவிட்டு, "உனக்கு உடம்புக்கு என்னமோ பண்ணுதுய்யா, வா" என்று என் பையையும் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தான். வழியில் கேட்டும் பையை என்னிடம் தரவில்லை.

ஒன்பதாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன் சொல்கிறேன், கேட்டுக்கொள். யாராவது "நான் பார்த்துவிட்டேன்" என்று சொன்னால், நீயும் ஒரு தடவை போய்ப் பார். சொன்னது உன் அப்பாவாக இருந்தாலும் பார். உன்னால் ஒரு தப்பு நடந்தால் அன்றைக்கே வாய்விட்டுச் சொல்லிவிடு. நான் ஆபீசில் சொல்ல நாலு நாள் எடுத்துக்கொண்டேன். அந்த நாலு நாளும் சோறு இறங்கவில்லை.

இருபதாம் தேதி காலையில் ஆபரேஷன். உயிருக்குப் பயமில்லையாம், அதாவது அதிகம் இல்லையாம். ஆனால் சில வார்த்தைகள் போகலாம், சில முகங்கள் போகலாம் என்றார் டாக்டர். எந்த முகம் என்று கேட்டேன். அதை முன்கூட்டிச் சொல்ல முடியாதாம். அன்றிலிருந்து உன் போட்டோவை அடிக்கடி எடுத்துப் பார்க்கிறேன், பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி. பரீட்சையில் என் லட்சணம் உனக்குத் தெரியுமே.

உனக்கு லீவு கிடைப்பது கஷ்டம் என்று தெரியும். அதனால் வா என்று எழுதவில்லை. ஆபரேஷனுக்குப் போடச் சொல்கிற சட்டைக்குப் பையே கிடையாதாம், முதுகில் முடிச்சு மட்டும்தான். அதனால் அந்தப் பூட்டுச் சாவியை இந்தக் கவரில் வைத்திருக்கிறேன். பூட்டு அம்மாவிடம் இருக்கிறது. நான் வெளியே வரும்வரை நீ வைத்திரு. வந்ததும் என் கையில் கொடு. தபாலில் அனுப்பாதே, தொலைந்துவிடும்.

யாரும்மா நீ என்று நான் கேட்டுவிட்டால் மனம் உடையாதே. பதில் சொல்ல வேண்டாம், சாவியை நீட்டு. முப்பத்தொரு வருடப் பழக்கம், கை தானாக நீளும். அப்படியே பிடித்துக்கொள்.

வேளைக்குச் சாப்பிடு. நன்றாக இரு, என் தங்கமே.

இன்று வரை எல்லாம் ஞாபகம் இருக்கிற,
உன் அப்பா