அடக்கிய இரண்டாவது தும்மல்

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான், அப்பா, அத்தை மூன்று பேரும் சுகம். நீயும் சுகம் என்று போனில் சொன்னாய், அதை நான் முக்கால்வாசிதான் நம்புகிறேன். மீதிக் கால்வாசிக்காகத்தான் இந்தக் கடிதம். போனில் கேட்டால் சிக்னல் சரியில்லை என்று வைத்துவிடுவாய், பக்கத்தில் உன் அத்தை வேறு காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலாம். மாடி வீட்டுக்காரர் தினமும் தண்ணீர்த் தொட்டியை வழியவிடுகிறார், வேண்டுமென்றே செய்கிறார் என்று எனக்குச் சந்தேகம், அதை அப்புறம் பார்த்துக்கொள்கிறேன். மில்லில் புது மோட்டார் போட்டிருக்கிறார்கள், சத்தம் குறைந்திருக்கிறது, மிளகாய் நெடி மட்டும் அப்படியேதான் இருக்கிறது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசிக்கொண்டிருந்தபோது உன் அறையில் யாரோ தும்மினார்கள். நீ பேச்சோடு பேச்சாக 'நூறு' என்றாய். அப்புறம் கப்சிப். யாரடி அது என்று கேட்டதற்கு டிவி என்றாய். ஏண்டி, டிவிக்கு யாராவது நூறு சொல்வார்களா? டிவியில் தும்முகிறவன் நூறு வயசு இருந்தால் உனக்கென்ன, போனால் உனக்கென்ன? பதினெட்டு வருஷமாக மிளகாய் மில்லில் ரசீது போடுகிறவளிடம் தும்மல் விஷயத்தில் பொய் சொல்லலாமா? தூசித் தும்மல், சளித் தும்மல், மட்டம் போடுவதற்காகத் தும்முகிற பொய்த் தும்மல் எல்லாம் எனக்கு அத்துப்படி. மில்லில் யாரும் யாருக்கும் நூறு சொல்வதில்லை, ஆரம்பித்தால் பொழுதுக்கும் அதுதான் வேலை. அதனால் அந்த வார்த்தையை நான் வீட்டுக்கென்று வைத்திருக்கிறேன். நானும் அப்பாவும் ஒருமுறை பதினொரு நாள் பேசாமல் இருந்தோமே, நினைவிருக்கிறதா? பன்னிரண்டாம் நாள் அவர் சட்டைக்குப் பொத்தான் போட்டபடி தும்மினார், என் வாய் என்னைக் கேட்காமலே நூறு என்றுவிட்டது, சண்டை அதோடு போச்சு. அது யோசித்துச் சொல்கிற வார்த்தை இல்லை கண்ணு, நம்மவர் தும்மினால் தானாக வருவது. உனக்கு அன்றைக்குத் தானாக வந்தது.

அதுவும் போகட்டும், நீ அனுப்பிய போட்டோவில் சமையலறை மேல்தட்டில் டப்பாக்கள் அடுக்கி இருக்கிறதே, ஸ்டூல் போட்டு ஏறினாலும் உனக்கு அது எட்டாது. யார் அடுக்கினது? பக்கத்து வீட்டு அக்கா என்பாய், அந்த அக்கா என்ன பனைமரமா? ஆனால் என்னை அரித்துக்கொண்டிருப்பது இது எதுவும் இல்லை. அந்தத் தும்மல் ஒன்றோடு நிற்கவில்லை. பின்னாலேயே இரண்டாவது வந்தது, அதை மூக்கிலேயே அமுக்கி 'க்' என்று விழுங்கின சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது. அந்தச் சத்தத்தை இதற்கு முன் ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறேன், நம் வீட்டு வாசலில்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் உன்னைப் பெண் கேட்டு வந்தானே, மூக்குக்கண்ணாடிக் கடைப் பையன், அவன் வாசற்படியில் கால் வைத்ததும் தும்மினான். இரண்டாவதைப் பெரியவர்கள் முன்னால் கூடாது என்று மரியாதைக்கு அடக்கிக்கொண்டான், அந்த மரியாதைதான் அவனுக்கு வினையாகப் போனது. உன் அத்தை ஒன்றைத்தான் எண்ணினார். அடுப்படிக்கு வந்து, ஒத்தைத் தும்மல் அபசகுனம், ரெட்டையாக இருந்தால்தான் சுபம், இந்த இடம் ஆகாதுடீ என்றார். அப்பா முகம் மாறிவிட்டது. டீ ஆறுவதற்குள் 'யோசித்துச் சொல்லி அனுப்புகிறோம்' என்று அனுப்பிவைத்தோம். ஒருத்தரும் அவனுக்கு ஒரு நூறுகூடச் சொல்லவில்லை. இரண்டே மாதத்தில் நீ தூர தேசத்து வேலையை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டாய், இன்றுவரை கல்யாணப் பேச்செடுத்தால் போனை வைத்துவிடுகிறாய்.

இனி எழுதப்போவதை உட்கார்ந்து படி. அன்றைக்கு மில்லில் ஒன்பது மூட்டை மிளகாய். நேரமாகிவிட்டதென்று அப்படியே ஓடிவந்தேன், சேலை மாற்றவில்லை. வாங்க தம்பி என்று கதவைத் திறந்து முந்தானையை உதறிப் போர்த்திக்கொண்டவள் நான்தான். பொடி நேராக அவன் மூக்கில் ஏறிவிட்டது. சகுனமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. எனக்கு அந்த நிமிஷமே தெரியும். உன் அத்தைக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டேன், பிறகு நாளாக ஆகச் சொல்வதற்கு வெட்கமாகிவிட்டது. உன்னை அழவைத்தது அந்தத் தும்மல் இல்லை கண்ணு, உன் அம்மா. என்னை மன்னித்துவிடு.

நேற்று வீட்டில் போட்டு உடைத்துவிட்டேன். அத்தை நம்பவில்லை, எல்லாம் கதை என்றார். மில் சேலையை அவர் முகத்துக்கு நேரே ஒரு உதறு உதறினேன், வரிசையாக மூன்று தும்மல். 'மூணுக்கு என்ன பலன் அண்ணி' என்று கேட்டேன். அப்பா சிரிப்பை அடக்கமுடியாமல் வெளியே ஓடினார். திரும்பி வந்து, அந்தப் பையன் இப்ப எங்க இருக்கானோ என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். உன்னைக் கேட்காமல் சொல்வேனா?

என் சந்தேகம் தப்பென்றால் நாலு வார்த்தை திட்டி எழுது, வாங்கிக்கொள்கிறேன். சரியென்றால், அன்றைக்கு வாசலில் சொல்லாமல் விட்ட நூறை நான் சொன்னதாக அவனிடம் சொல், இரண்டாவதை இனி அடக்க வேண்டாம் என்றும் சொல். நேரத்துக்குச் சாப்பிடு, ஸ்டூலில் ஏறாதே. நீ தீர்க்காயுசாக இருக்க வேண்டும், நீங்கள் இரண்டு பேரும் என்று எழுதத்தான் கை வருகிறது. எப்போது வருகிறீர்கள் என்று முன்னதாகவே எழுது. அன்றைக்கு மில்லுக்கு லீவு போட்டு, தலைக்குக் குளித்து, சலவைச் சேலை கட்டிக்கொண்டுதான் கதவைத் திறப்பேன்.

இப்படிக்கு,
உன் அம்மா