முடி வெட்டிக்கொள்ள ஓர் ஆள்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? நான் நலமாக இருக்கிறேன்.

யாரையும் நம்பாதே என்று சொல்லி அனுப்பினீர்கள். அதனால் அழகுக்கலைப் பள்ளிகளைச் சோதனை போட வந்தவள் போலவே சுற்றினேன். முதல் பள்ளியில் பயிற்சிக்கு வைத்திருந்த பொம்மைத் தலைகளில் ஒரு முடிகூட வெட்டுப்படவில்லை. இரண்டாவதில் சான்றிதழைக் காட்டினார்கள். கத்தரிக்கோலைக் கடைசிவரை காட்டவில்லை.

மூன்றாவதில் பொம்மையே இல்லை. "சேரணும்னா நாளைக்கு ஒரு ஆளைக் கூட்டிட்டு வாம்மா. முடி வெட்டிக் காட்டு," என்றார் ஆசிரியை.

"இங்க எனக்கு யாரையும் தெரியாது மேடம்."

"ஒருத்தர்கூட உன்னை நம்பித் தலையைக் குடுக்கலைன்னா, நாளைக்குக் கடை வச்சு என்ன பண்ணுவ?"

சேர்ந்தால் இங்கேதான் சேர வேண்டும்.

என் பழைய சீப்பை அனுப்புங்கள். இங்கே வாங்கியது சரிப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் போனைக் கையிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள்.

என் ஷாம்பூவைத் திருடுகிறாள் என்ற சந்தேகத்தில், விடுதி அறையில் என்னுடன் தங்கியிருப்பவளோடு நான் இதுவரை பேசியதில்லை. இப்போது அவள்தான் கதவைத் திறக்கிறாள். ஷாம்பூ வேண்டுமா என்று கேட்டு ஆரம்பிக்கப் போகிறேன்.

அவசரத்துடன்,
உங்கள் மகள்