மூன்றாம் நம்பர் செட்

திருவொற்றியூர்
18.11.2006

அன்பு மகள் மதிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் மஸ்கட்டில் அப்படியே இருக்க வேண்டும். குறையில்லை என்பது வழக்கத்துக்கு எழுதியது, எனக்கு மனசு சரியில்லை. எண்ணூர் யார்டில் என் வேலைக்கு யாரோ குழி பறிக்கிறார்கள் என்றே இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். கிரேனுக்குக் கையால் சைகை காட்டிய எனக்கு இப்போது வயர்லெஸ் இண்டர்காம், இடுப்பில் செட், வலது காதில் ஹெட்போன், வாய்க்கு முன்னால் மைக். ஆபீஸ் அறையில் பேஸ் ஸ்டேஷன் என்று ஒரு பெட்டி, அது வழியாகத்தான் எல்லார் பேச்சும் போகும். மற்றவர்களுக்குக் கணீரென்று கேட்கிறதாம், எனக்கு மட்டும் கிணற்றுக்குள் பேசுவது போல. போன வாரம் கிரேன் ஓட்டும் வேலப்பன் இரும்புத் தகட்டை இறக்கட்டுமா என்று மேலிருந்து கேட்டிருக்கிறார், எனக்கு விளங்கவில்லை, சரி சரி என்றுவிட்டேன். கீழே குனிந்திருந்த வெல்டர் நிழலைப் பார்த்து ஓடியதால் பிழைத்தான். வேலப்பன் இறங்கி வந்து, இன்னா மாமு, ஆளு கீழ கீறான், நீ பாட்டுக்கு சரி சரின்ற என்று கத்தினார். இன்னொரு தடவை இப்படி நடந்தால் சிக்னல் வேலையை யார்டுப் பையன் அன்பரசனுக்குக் கொடுத்துவிடுவேன் என்றார் சூப்பர்வைசர் மனோகரன்.

அன்பரசன் பெயர் வந்ததும் எனக்குப் பொறி தட்டியது. அந்தப் பெட்டியைத் திருகத் தெரிந்தவன் அவன் ஒருத்தன்தான். என் செட்டை மட்டும் வேண்டுமென்றே குறைத்து வைக்கிறான் என்று முடிவே கட்டிவிட்டேன். அவன் பெட்டியைத் தொடும்போதெல்லாம் பின்னால் நின்று பார்த்துக்கொண்டேன். முன்பக்கக் குமிழைக் கொஞ்ச நேரம் அழுத்தினால் மெனு வரும், திருகினால் வரி மாறும், மறுபடி அழுத்தினால் உள்ளே போகும். நேற்று எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் நானே உள்ளே போனேன். ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டித்தான் படித்தேன். மூன்றாம் நம்பர் என் செட். மற்றவர்களுக்கு எந்தச் சேனலோ அதே சேனல்தான் எனக்கும். சத்தத்தைப் பார்த்தேன், எல்லாருக்கும் பாதியில் நின்றது, எனக்கு மட்டும் கடைசிவரை ஏற்றியிருந்தது. திரும்பினால் அன்பரசன். நைனா, அதுக்கு மேல ஏறாது, நாந்தான் தெனம் ஏத்தினுகீறேன் என்றான். அப்போதும் நான் நம்பவில்லை, பார்த்துக்கொள். ஹெட்போனைக் கழற்றி இடது காதில் மாட்டினேன். மேலே கேபினில் வேலப்பன் அப்பளம் கடிக்கிற சத்தம்கூடக் கேட்டது.

பெட்டியில் ஒரு கோளாறும் இல்லை மதி, என் வலது காதுதான் போய்விட்டது. எனக்கு அழுகையே வந்தது. இடது காதில் மாட்டிக்கொண்டு யாருக்கும் சொல்லாமல் ஓட்டிவிடலாம் என்றும் தோன்றியது. ஆனால் இருக்கிற நல்ல காதையும் ஹெட்போனால் மூடிவிட்டால் பக்கத்தில் கத்துகிறவன் குரல் கேட்காது, அந்த வெல்டர் முகம் விடவில்லை. இன்று காலை மனோகரனிடம் உள்ளதைச் சொல்லி, செட்டைக் கழற்றி அன்பரசன் இடுப்பில் நானே மாட்டினேன். இனி எனக்கு என்ன வேலை தருவார்களோ தெரியாது. திங்கட்கிழமை காது டாக்டரிடம் போகிறேன்.

உன் மேலும் சந்தேகப்பட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன். போனில் நீ மெதுவாகப் பேசுவது மாப்பிள்ளை பக்கத்தில் இருப்பதால், எதையோ மறைக்கிறாய் என்று நினைத்தேன். அம்மாவும் பக்கத்து வீட்டுக் கன்னியம்மாவோடு கிசுகிசுப்பது என்னைப் பற்றித்தான் என்று அவளிடம் எரிந்து விழுந்தேன். போனையும் நான் வலது காதில்தான் வைப்பேன். போன வாரம், உங்ககிட்டதான் முதல்ல சொல்றேன்ப்பா என்று ஆரம்பித்தாய், அதற்கு மேல் ஒன்றும் விளங்கவில்லை. சரி சரி என்று வைத்துவிட்டேன். நீ என்ன நினைத்தாயோ.

வெயிலில் அலையாதே, வேளைக்குச் சாப்பிடு. இருவரும் நூறு வயது நன்றாக இருங்கள். வெள்ளிக்கிழமை மறக்காமல் போன் பண்ணு, இடது காதில் வைத்துக்கொள்கிறேன், அன்றைக்குச் சொன்னதை மறுபடி முதலிலிருந்து சொல்லு. அதுவரை அந்தச் சேதியை அம்மாவிடம் சொல்லாதே. அவள் முகத்தைப் பார்த்தால் ஏற்கெனவே தெரியும் போலத்தான் இருக்கிறது.

உன் அப்பா,
கிருஷ்ணப்பன்