வெளிச்சம் தெரியாத அடுப்பு

1943 ஆகஸ்ட் 2, திங்கள்
கச்சான் காற்று. வாயெல்லாம் மணல்.

திருகோணமலை வாழ் பொதுமக்களுக்கும், துறைமுகத்தில் நங்கூரமிட்டிருக்கும் சகல கப்பல்களுக்கும் அறிவிப்பது யாதெனில்: நாகப்பட்டினத்திலிருந்து கடல் தாண்டி வந்து, அக்கா வீட்டில் தண்டச்சோறு தின்றுகொண்டிருந்த என்னை, பிரக்கிராசி ஐயா இன்று உத்தியோகத்தில் அமர்த்தினார். அமர்ந்த கதிரைக்கு மூன்று கால். நான்காவதற்குச் செங்கல்.

பிரக்கிராசி என்றால் நம் ஊர் வக்கீல். பெயரில் ராசி இருக்கிறது. ஆளிடம் காணோம்.

வேலை: பேட்டண்ட். புதிதாக ஒன்றைச் செய்தவர் அதைத் தன் பெயரில் பதிந்துகொள்வது. பதிந்தபின் அவரைக் கேட்காமல் எவனும் அதைச் செய்து விற்க முடியாது. படம் வரைவது நான். விவரம் எழுதுவது நான். கையெழுத்தும் கம்பீரமும் ஐயா.

முதல் கட்சிக்காரி பூரணம் அக்கா. துறைமுக வாசலில் அப்பக்கடை. விடியுமுன் அடுப்பு மூட்டினால் வெளிச்சம் தெரிகிறதென்று இருட்டடிப்பு வார்டன் வாளியோடு வந்து அணைப்பானாம். நெருப்போடு மாவும் போகும். கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜப்பான்காரன் அப்பம் சுடும் நெருப்பைப் பார்த்தா குண்டு போடுவான்?

அக்கா மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டி அடுப்புக்கு ஒரு உறை செய்திருக்கிறார். நெருப்பு வெளியே தெரியாது. சூடு பக்கக் குழாயால் போய் இரண்டாவது சட்டியையும் வேகவைக்கும்.

“வீட்டுக் குசினியிலதான் மூட்டிப் பார்த்தனான். எப்பிடியோ கேள்விப்பட்டுக் கொந்தராத்துக்காரர் வந்திட்டார். அதை நான் செய்விக்கிறன், உமக்கேன் கரைச்சல் எண்டு கேக்கிறார். துறைமுகத்துக் குசினி எல்லாத்துக்கும் அவர்தானே சாமான் குடுக்கிறது. என்ர பேரில கடதாசி இருந்தால் என்னட்டைத்தானே வாங்கோணும்?”

கொந்தராத்து என்றால் நம் ஊர் காண்டிராக்ட். கொந்துவது அவர் தொழில். பெயரிலேயே போட்டு வைத்திருக்கிறார்.

ஆகஸ்ட் 3, செவ்வாய்
வெயில். மை காய்ந்து போகிறது.

அடுப்பு என் மேசைக்கடியில், சாக்கு போர்த்தியபடி. ஐயாவின் கட்டளை:

“தம்பி, கடதாசி கொழும்புக்குப் போகுமட்டும் இதை ஒருதரும் காணக்கூடாது. சனம் கண்டால் அது புதுசில்லை. புதுசில்லாட்டிப் பேட்டண்டும் இல்லை. விளங்குதோ?”

“விளங்குதுங்க.”

“ங்கவாம். ஓம் எண்டு சொல்லிப் பழகும்.”

ஓம். சுவாகா.

படம் முடிந்தது. உறை, கதவு, குழாய், மூடி. ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து. விவரம்தான் உயிரை வாங்குகிறது. உரிமை கேட்கும் பகுதி முழுவதும் ஒரே வசனமாக இருக்கவேண்டுமாம். நடுவில் முற்றுப்புள்ளி கூடாது. எழுதியதை அக்காவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன். மூச்சு முட்டியது.

“நான் ஒரு அடுப்புத்தானே செய்தனான்? இவர் கோட்டையெல்லோ கட்டி வைச்சிருக்கிறார்!”

என்னைத்தான் சொன்னார். பெருமையாக இருந்தது. இந்தத் தொழிலில் நான் பெரிய ஆளாக வருவேன். சந்தேகமேயில்லை.

ஆகஸ்ட் 5, வியாழன்
எழுதவே பிடிக்கவில்லை. அவ்வளவு கோபம்.

காலையில் கொந்தராத்துக்காரர். வெள்ளை வேட்டி, வெற்றிலை வாய், சிரிப்பு.

“பிரக்கிராசியார், அந்தத் தகர அடுப்பைப் பதியிறீங்களாம்? ஊர் கண்ட அடுப்பு. எனக்குச் சாட்சி இருக்கு. கொழும்புக்கு ஆட்சேபம் எழுதப்போறன்.”

“ஆர் காட்டினது?”

“அது எனக்கெதுக்கு? கண்டது கண்டதுதானே.”

போய்விட்டார். ஐயாவின் முகம் சுண்ணாம்பு. கடதாசி இன்னும் கொழும்புக்குப் போகவில்லை. அதற்குள் பூரணம் அக்கா வந்து நிற்கிறார். கேட்டதும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

“அப்ப நான் செய்ததை அவர் செய்து விப்பார். நான் பார்த்துக்கொண்டிருக்கோணும். அப்பிடித்தானே?”

எவன்? எந்த நாசமாய்ப் போனவன்? வார்டனாக இருக்கும். குசினிச் சுவரால் எட்டிப் பார்த்திருப்பான். அல்லது பக்கத்து வீட்டுக் கிழவன். அல்லது கொந்தராத்தின் கையாள். அகப்பட்டால் அவன் தலையில் அதே தகரத்தைக் கவிழ்த்துத் தாளம் போடுவேன்.

ஐயா என்னைப் பார்த்துக் கேட்கிறார்: “படம் முடிஞ்சதெண்டு நேற்றுத் திருப்பி அனுப்பின அடுப்பை நேரா பூரணம் வீட்டைதானே கொண்டுபோய்க் குடுத்தனீர்?”

“நேராத்தாங்க!”

என்னையா கேட்பது? இரவுபகலாகப் படம் வரைந்த என்னை? இந்த ஊரில் வந்தேறி என்றால் யாரும் எதையும் கேட்கலாம்.

ஆகஸ்ட் 6, வெள்ளி
காற்று நின்றது. புழுக்கம்.

கொந்தராத்து மறுபடி வந்தார். சமாதானம் பேசவாம். “பூரணம் பேசாமல் விட்டால், அவளுக்கு என்ர குசினியில வேலை போட்டுக் குடுப்பன்.” அவள் செய்த அடுப்பில் அவளுக்கே கூலி வேலை! காது கொதித்தது. வந்தவர்கள் உட்காரும் வாங்குப் பலகையில், அவர் தெருவில் வருவதைக் கண்டதுமே பசை தடவியிருந்தேன். கொந்தராத்துக்குக் கோந்து. எழும்பும்போது வேட்டி எழும்பவில்லை. ஐயாகூட ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பூரணம் அக்காவின் எதிரியை மானபங்கம் செய்தவன் இந்தத் திருகோணமலையில் நான் ஒருவனே.

பிறகு ஐயா சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். அக்காவும் நானும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

“ஒரு வழி கிடக்கு. பூரணத்துக்குத் தெரியாமல், அவவின்ர சம்மதமில்லாமல் எவனோ எடுத்துக் காட்டினதெண்டால் வாதாடிப் பார்க்கலாம். ஆனால் அந்த எவன் தானே வந்து, நடந்ததை எழுதிச் சத்தியக்கடதாசி குடுக்கோணும். கொந்தராத்துக்காரருக்கு ஆளைத் தெரியும். சொல்லமாட்டார். சொன்னால் எங்களுக்கு வழி திறந்திடும்.”

“குடுப்பானோ ஐயா, அப்பிடிப்பட்டவன்?” அக்கா என் பக்கம் திரும்பினார். “தம்பி, நீர்தான் கெட்டிக்காரன். ஆளைப் பிடிச்சுத் தாரும். அவன்ர கையை என்ர தணல்ல வைக்காமல் விடன்.”

பிடித்துத் தருவதாகச் சத்தியம் செய்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு செய்தேன்.

ஆகஸ்ட் 7, சனி
மேகம். மழை இல்லை. சோறு இறங்கவில்லை. “என்னடா, காய்ச்சலா?” என்றாள் வீட்டில் என் அக்கா. அத்தான் என்னையே பார்த்தார்.

சரி. எழுதித் தொலைக்கிறேன்.

புதன் பொழுதுபட, அடுப்பைத் தலையில் வைத்துக்கொண்டு போனவன் நேராகப் போகவில்லை. கடற்கரையில் பையன்கள் உட்கார்ந்திருந்தார்கள். “இந்தியாத் தம்பி சட்டி பானை விக்கிறார்” என்று ஒருவன் கத்தினான். பொறுக்குமா? சாக்கை உருவிப் போட்டேன். இது யார் செய்தது தெரியுமா என்றேன். தெரியாது என்றார்கள். நான், என்றேன். என் கண்டுபிடிப்பு என்றேன். நெருப்பு மூட்டித் தேநீரே வைத்துத் தருகிறேன் என்றேன்.

கண்ணாடி போல் படம் வரைந்தவன் மூடியைத் தலைகீழாகப் போட்டுவிட்டேன். குழாயால் போகவேண்டிய புகை முன்னால் வந்தது. கப்பல் எரிகிறதோ என்று சந்தைச் சனம் முழுக்க ஓடிவந்தது. தையல்காரர், மீன்காரர்கள், கொந்தராத்தின் கணக்கப்பிள்ளை. வந்தவர்களுக்கெல்லாம் மூடியைத் திருப்பிப் போட்டு, ஒவ்வொரு பாகமாக விளக்கியும் காட்டினேன். கைகூடத் தட்டினார்கள்.

சத்தியக்கடதாசி எழுதுவதும் இந்தக் கந்தோரில் என் வேலைதான். எழுதிவிட்டேன். ஒரே வசனம் போதவில்லை. திங்கட்கிழமை ஐயாவிடம் கொடுக்கவேண்டும். அதற்குமுன், நாளை, பூரணம் அக்காவிடம் போகவேண்டும்.

அந்தத் தேநீரை யாரும் குடிக்கவில்லை.